வருடப்பிறப்பன்று புடோல் விதை போடலாமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 39. கணவர், இரண்டு பிள்ளைகள், ஐந்து வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த மாமி. வீடு ஓர் ஓடைப் பள்ளத்தை ஒட்டி இருக்கிறது. பின்வளவில் கொஞ்ச நிலம். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"முதல் வருடம் ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம் நல்ல வெயில், 20 டிகிரிக்கு மேல். கடைகளில் மிளகாய், கத்தரிக் கன்றுகள் வந்துவிட்டன. சித்திரை பிறந்த பிறகும் நடாமல் இருப்பதா என்று மாமி பன்னிரண்டு கன்றுகள் வாங்கி நட்டார். மே முதல் வாரம் ஓர் இரவு, போனில் 3 டிகிரி என்றுதான் போட்டிருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் எல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தன, மத்தியானம் கறுத்துவிட்டன. மாமி அழுதுவிட்டார். கிங்ஸ்டன் வீதிப் பக்கம், ஏரிக்குக் கிட்ட இருக்கும் என் சிநேகிதி வீட்டில் அதே இரவில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் நான் பிடிவாதமாக மே லோங் வீக்கெண்ட் வரை காத்திருந்தேன். உறைபனி வரவில்லை. ஆனால் கத்தரி மூன்று கிழமை அசையாமல் நின்றது, வெண்டி விதை மண்ணுக்குள்ளேயே அழுகியது, புடோல் ஆகஸ்ட் கடைசியில்தான் பூத்தது. ஒக்டோபரில் விரல் நீளப் பிஞ்சுகளோடு கொடி செத்தது. 'உன்னால்தான் இந்த வருடம் புடோல் இல்லை' என்றார் மாமி. இந்த முறை பிந்தக்கூடாது என்று ஜனவரியிலேயே தக்காளியும் மிளகாயும் வீட்டுக்குள் போட்டுவிட்டேன். தக்காளி இப்போது, மார்ச் நடுவிலேயே, ஒரு முழம் வளர்ந்து சாய்கிறது. மாமியோ வருடப்பிறப்பன்றே புடோல் விதை போட வேண்டும் என்கிறார். எந்த நாளில் நடுவது? ஒரே ஒரு திகதி சொல்லுங்கள், மாமிக்குக் காட்ட வேண்டும்."

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே திகதி கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்றை நான் தந்தால் மூன்றாவது வருடமும் உங்கள் வீட்டில் மனஸ்தாபம்தான் மிஞ்சும். மிளகாய்க்கு ஒரு நாள், வெண்டிக்கு ஒரு நாள், முள்ளங்கிக்கு வேறொரு நாள். அவற்றில் ஒன்று மாமி சொல்லும் வருடப்பிறப்பு நாளேதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் இரண்டு பேரும் பொறுப்பில்லாமல் எதுவும் செய்யவில்லை. ஊரில் பட்டத்தைத் தீர்மானிப்பது மழை. காலபோகம், சிறுபோகம் என்று நாம் கணக்குப் பார்த்ததெல்லாம் தண்ணீரை வைத்துத்தான். யாழ்ப்பாணத்தில் மார்கழிக் கூதலிலும் இரவு 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். குளிர் ஒரு செடியைக் கொல்லும் என்பதையே அறுபது வருடத் தோட்ட அனுபவம் மாமிக்குக் காட்டியிருக்காது. இங்கே மே நடுவில் ஒரு சாதாரண இரவே ஊரின் மிகக் குளிர்ந்த இரவைவிடக் குளிர். மிளகாயும் கத்தரியும் புடோலும் அங்கத்தைய சூட்டுக்குப் பழகிய செடிகள், எங்கே நட்டாலும் அந்தச் சூட்டைத்தான் கேட்கும்.

அட்டவணையில் இருக்கும் 'கடைசி உறைபனி நாள்'

ரொறன்ரோவுக்குப் பல அட்டவணைகளில் மே 9 என்று போட்டிருக்கும். அதற்குப் பிறகு பயமில்லை என்றுதான் பலரும் அதை வாசிக்கிறார்கள். அது சராசரி நாள். பல வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதி வருடங்களில் கடைசி உறைபனி அதற்கு முன்பே முடிந்திருக்கும், மற்றப் பாதியில் அதற்குப் பிறகும் வந்திருக்கும். அந்தத் திகதியில் நடுவது காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. 2020இல் அன்னையர் தின வார இறுதியில், அதாவது மே 9, 10ஐ ஒட்டி, இங்கே ஸ்னோவே விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் விக்டோரியா தின லோங் வீக்கெண்டைப் பிடித்துக்கொண்டார்கள். அது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை, ஆகவே வருடத்தைப் பொறுத்து 18ஆம் திகதியிலிருந்து 24ஆம் திகதிக்குள் எங்கேயும் வரலாம். மூன்று நாள் லீவு, கடைகளில் கன்றுகள், உறைபனி வாய்ப்பும் நன்றாகக் குறைந்திருக்கும். தக்காளிக்கு அந்த வழக்கம் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் உறைபனி முடிவதும் எங்கள் மரக்கறிகளுக்குக் காலம் தொடங்குவதும் ஒன்றல்ல. இரண்டாவது வருடம் உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஏப்ரலில் கடை விற்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். கடைக்கு வரும் கன்று கண்ணாடி வீட்டுச் சூட்டில் வளர்ந்தது. கடை விற்கத் தொடங்கிவிட்டது என்பதற்காக வெளியே காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போனில் 3 டிகிரி, பாத்தியில் பூச்சியம்

வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீற்றர் உயரத்தில், காற்றோட்டமுள்ள ஒரு பெட்டிக்குள் இருக்கும். உங்கள் மிளகாய்க் கன்று நின்றதோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். மேகமில்லாமல், காற்று அசையாமல் இருக்கும் இரவில் நிலமும் இலையும் தம் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். போனில் 3 என்று இருக்கும்போதே இலையில் பூச்சியத்துக்குக் கீழே போய், அதற்குள் இருக்கும் நீர் உறைந்து கலங்களைக் கிழித்துவிடும். அதனால்தான் விடிய அவித்த கீரை மாதிரிக் கரும்பச்சையாகத் தொங்குகிறது. வெயில் பட்டதும் கறுக்கிறது.

சிநேகிதி வீட்டில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? ஒன்ராறியோ ஏரி அவ்வளவு பெரிய தண்ணீர், இரவில் கரையோரக் காற்றை அதிகம் குளிரவிடாது. உங்கள் வீடோ பள்ளத்தை ஒட்டியது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். வேலி அடைப்பாக இருந்தால் இன்னும் தேங்கும். ஆகவே சிநேகிதி வீட்டுத் திகதி உங்களுக்குச் சரிவராது. அவர் நட்ட பிறகு ஒரு கிழமை, பத்து நாள் பொறுத்து நடுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

மே, ஜூன் தொடக்கத்தில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இரவுக்கு 4 டிகிரியோ அதற்குக் கீழேயோ காட்டி, பொழுதுபடும்போது வானம் தெளிந்து காற்றும் அடங்கியிருந்தால், அன்று மூட வேண்டிய இரவு. மேகமும் காற்றும் இருந்தால் அதே 4 டிகிரி அவ்வளவு ஆபத்தில்லை. கனடா சுற்றுச்சூழல் திணைக்களம் உறைபனி அறிவித்தல் விட்டால் யோசிக்கவே வேண்டாம், மூடிவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் பகுதி எந்தத் தோட்ட வலயத்தில் வருகிறது என்று பார்த்துத் திகதி கணக்கிட்டதாக எழுதியிருந்தீர்கள். ரோசாவும் அப்பிளும் போன்ற பல்லாண்டுச் செடிகள் இங்கத்தைய குளிர்காலத்தைத் தாங்குமா என்று பார்க்க உருவானது அந்த வலய எண். மிளகாயை எப்போது வெளியே வைப்பது என்று அது சொல்லாது.

பூச்சியத்துக்கு மேலேயும் குளிர்தான்

இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் இது. உறைபனி வரவில்லை, ஆனால் கத்தரி அசையவில்லை என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். கத்தரி, வெண்டி, வெள்ளரி, பாகல், புடோல் எல்லாம் 10 டிகிரிக்குக் கீழேயே நோகத் தொடங்கும். சாகாது. வேர் வேலை செய்யாது, பசளை போட்டாலும் எடுக்காது, இலை மஞ்சளிக்கும். இரண்டு கிழமை அப்படி நின்ற கன்று சூடு வந்த பிறகும் தேறுவதற்கு நாள் எடுக்கும். மே 20இல் குளிர்மண்ணில் நட்ட கத்தரியை, ஜூன் 3இல் சூடான மண்ணில் நட்ட கத்தரி ஜூலையில் முந்திவிடுவதை நான் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். தக்காளிக்கும் இதே கதைதான். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, முதல் பூக்கள் உதிர்ந்துவிடும்.

எனவே நாட்காட்டியை ஓரமாக வைத்துவிட்டு மண்ணைப் பாருங்கள். இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் வெப்பமானி இருக்கிறதல்லவா, அது போதும். காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பாத்தியில் ஒரு விரல் நீளத்துக்குக் குத்தி ஒரு நிமிடம் விடுங்கள். மத்தியானம் குத்தினால் வெயில் சூடு உங்களை ஏமாற்றும். நாலைந்து நாள் தொடர்ந்து குறித்து வையுங்கள். அந்த வேலையை மாமியிடமே கொடுத்தால் இன்னும் நல்லது. தினமும் காலையில் தோட்டத்தைச் சுற்றி வருபவர் அவர்தானே.

மண் 16 டிகிரி தொட்டால் தக்காளி நடலாம், போஞ்சி விதை போடலாம். 18க்கு மேலே நின்றால் மிளகாய், கத்தரி. வெண்டி, பயற்றை, பாகல், புடோலுக்கு 20 டிகிரிக்குக் கிட்ட வரவேண்டும், இரவும் தொடர்ந்து 13க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் கடைசிக் கூட்டத்துக்கு மே முடிவு அல்லது ஜூன் முதல் வாரம் என்று எதிர்பாருங்கள். வெண்டி விதை அழுகியது விதையின் குற்றமில்லை. குளிர்ந்த ஈரமண்ணில் முளைக்க மாட்டாமல் ஊறிக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அவ்வளவுதான். முளைக்கீரையும் சூட்டுக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஜூனுக்கு விடுங்கள்.

உங்கள் மண் களிமண் என்றால் அது சூடேற இன்னும் பிந்தும். ஓரடி உயர்த்திக் கட்டிய பாத்தியும் கறுப்புச் சாடியும் முந்திச் சூடாகும். நடுவதற்கு இரண்டு கிழமை முன்பே பாத்தியின் மேல் கறுப்புப் பொலித்தீனை இழுத்து, மண்ணோடு ஒட்டும்படி கல் வைத்து விட்டாலும் சில டிகிரி கூடும்.

ஜனவரித் தக்காளியை என்ன செய்வது?

மிளகாயை ஜனவரியில் போட்டதில் பெரிய பிழை இல்லை. அது மெதுவாக வளரும், வெளியே நடுவதற்கு எட்டிலிருந்து பத்துக் கிழமை முன் போடுவது வழக்கம், கொஞ்சம் முந்தினால் பெரிய சாடிக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்கும் அதே எட்டு, பத்துக் கிழமைதான். அதை இனிமேல்தான் போட வேண்டும், இந்த வாரமே போடுங்கள். தக்காளிக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை போதும். உங்கள் தக்காளி வெளியே போக இன்னும் பத்துக் கிழமை இருக்கிறது. அதுவரை ஜன்னல் வெளிச்சத்தில் நூலாக இழுபட்டு, பூவும் வைத்து, சாடிக்குள் வேர் சுருண்டு களைத்துவிடும். முந்திப் போட்டால் முந்திக் காய்க்கும் என்று நினைக்கத் தோன்றும். களைத்த கன்று நட்ட பிறகு கிழமைக்கணக்கில் முழித்துக்கொண்டு நிற்கும்.

எறிய மனமில்லாவிட்டால் திடமான நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய சாடியில் தண்டை முக்கால்வாசி மண்ணுக்குள் புதைத்து மாற்றுங்கள். தக்காளித் தண்டில் புதைத்த இடமெல்லாம் வேர் விடும். மிளகாய், கத்தரிக்கு இதைச் செய்யாதீர்கள். கூடவே மார்ச் கடைசியில் புதுத் தக்காளி விதையும் போடுங்கள். எது முந்துகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

எந்தக் கன்றையும் ஜன்னலிலிருந்து நேரே பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏழு முதல் பத்து நாள் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி இரண்டு மூன்று நாள் முழு வெயில், இரவு குளிரவில்லை என்றால் இரவும் வெளியே. பழகாத இலை ஒரே மத்தியானத்தில் வெள்ளையாகக் கருகிப்போவதை உறைபனி என்று நினைத்து என்னிடம் படம் அனுப்புபவர்கள் ஒவ்வொரு மே மாதமும் இருக்கிறார்கள்.

கொஞ்சம் முந்தி நட ஆசைப்பட்டால்

முந்தவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மிளகாய்ச் சாடியை மே தொடக்கத்திலேயே வெளியே வைக்கலாம், இரவில் உள்ளே எடுக்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெற்குப் பார்த்த செங்கல் சுவரோரம் நல்ல இடம், பகலில் குடித்த சூட்டைச் சுவர் இரவில் திருப்பித் தரும். பாத்தியில் நட்டதை மூட வேண்டி வந்தால், பழைய பெட்ஷீட்டைப் பொழுதுபட முன்பே, நிலம் இன்னும் சூடாக இருக்கும்போதே போர்த்துங்கள். விளிம்பு நிலத்தைத் தொட வேண்டும், ஏனென்றால் காப்பது நிலத்திலிருந்து எழும் சூடு. கம்பு ஊன்றி அதன் மேல் போடுங்கள். வெறும் பொலித்தீன் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். விடிந்ததும் எடுத்துவிடுங்கள். இப்படி மூடினால் இரண்டு மூன்று டிகிரி கிடைக்கும், கடும் குளிருக்கு அது போதாது. எல்லாக் கன்றையும் இந்த ஆட்டத்தில் வைக்காதீர்கள், பாதியையாவது வீட்டுக்குள் வைத்திருங்கள். முதல் வருடம் பன்னிரண்டும் ஒரே இரவில் போனதுதான் மாமியை உடைத்தது என்று நினைக்கிறேன்.

புடோலும் மாமியும்

புடோலை விட்டுவிடவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஸ்காபரோவில் புடோல் காய்க்கும். ஆனால் கணக்கை மேயிலிருந்து முன்னோக்கிப் பார்க்காமல் ஒக்டோபரிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். உங்கள் பக்கம் முதல் உறைபனி ஒக்டோபர் முதல் பாதியில் வரலாம். அதற்கு முன்பே செப்டெம்பர் நடுவிலிருந்து இரவு குளிர்ந்து, பிடித்த பிஞ்சும் நீளாது. ஆகவே காய் பிடிப்பது ஆகஸ்ட் நடுவுக்கு முன் தொடங்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் நேரே மண்ணில் விதை போட்டால் அது நடக்காது. ஜூன் தொடக்கத்தில் நாலு இலைக் கன்றாக மண்ணுக்குப் போனால் நடக்கும்.

நாலு இலைக் கன்றாக வர எத்தனை நாள்? தடித்த தோலுள்ள விதை முளைக்கவே ஒன்று முதல் இரண்டு கிழமை, பிறகு நாலைந்து கிழமை. ஜூன் முதல் வாரத்திலிருந்து ஏழு கிழமை பின்னால் எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 14 வருகிறது.

மாமி சொன்ன நாள் சரியான நாள். விதை விழ வேண்டிய இடம்தான் பின்வளவு இல்லை, சமையலறை. வருடப்பிறப்பன்று நல்ல நேரத்தில் தன் கையால் புடோலும் பாகலும் சாடியில் போடட்டும். புடோல் வேரைக் குழப்பினால் கோபிக்கும் செடி, ஆகவே சாடியோடு நடக்கூடிய மக்கும் சாடியாக வாங்குங்கள், ஒன்றுக்கு இரண்டு விதை. முளைக்க 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும், அதற்கென்று விற்கும் சூடாக்கும் விரிப்பு ஒன்று வாங்கினால் பல வருடம் வரும். முளைத்த அன்றே நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள்.

அதே நாளில் வெளியேயும் மாமிக்கு வேலை இருக்கிறது. மண் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருந்தால் முள்ளங்கி, கரட், பீற்றூட், வெங்காயம், கொத்தமல்லி, வெந்தயம் எல்லாம் அன்று பாத்தியில் போகலாம். இவை குளிரை விரும்பும் கூட்டம், இலேசான உறைபனி வந்தாலும் நிற்கும். முள்ளங்கியை மே கடைசியில் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் புடோலை நடுங்கள்.

பந்தலை மாமியிடம் விடுங்கள், அதில் அவருக்கு நானோ நீங்களோ சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: புடோல் பூ பொழுதுபட்டுத்தான் விரியும். இங்கே அந்த நேரத்துப் பூச்சிகளை நம்பி இருக்க முடியாது. அடியில் குட்டிக் காயோடு இருப்பது பெண்பூ. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆண்பூவைக் கிள்ளி அதில் தொட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு டோர்ச் பிடிக்கும் வேலை கொடுக்கலாம். பாகல் இங்கே ஜூன், ஜூலையின் நீண்ட பகலில் ஆண்பூவாகவே பூத்துத்தள்ளும், பயப்பட வேண்டாம். பகல் குறையத் தொடங்கியதும் பெண்பூ கூடும்.

'உன்னால்தான் புடோல் இல்லை' என்ற சொல் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று விளங்குகிறது. நீங்கள் காத்திருந்ததால் கன்றுகள் உயிரோடு இருந்தன. புடோல் பிந்தியது காத்திருந்ததால் அல்ல, விதை வீட்டுக்குள் தொடங்காமல் மண்ணுக்குப் போனதால். இதை மாமியிடம் வாதமாகச் சொல்ல வேண்டாம். வருடப்பிறப்புக்கு முதல் நாள் இரவு புடோல் விதையையும் ஒரு நகவெட்டியையும் அவரிடம் கொடுங்கள். விதையின் ஓரத்தை இலேசாகக் கிள்ளிவிட்டு, இளஞ்சூடான தண்ணீரில் விடியும் வரை ஊறப்போடச் சொல்லுங்கள்.